சஷ்டியன்று நகர்ந்த அம்பு

இன்றைக்கு நான் தூங்கப்போவதில்லை. வைரஸா நானா என்று பார்த்துவிடுகிறேன். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்துக் காலை நீட்டியிருப்பேன், நீட்டிய மறுநிமிடம் யார் வந்து கூப்பிட்டாலும் காதில் விழாது. இன்றைக்குச் சஷ்டி. காலையில் ஒரு தம்ளர் பால், அப்புறம் ஒரு பழம், ராத்திரிக்கு இரண்டு இட்லி, அவ்வளவுதான். விரதம் இருக்கிறவர்கள் பகலில் கண்ணை மூடக்கூடாது, மூடினால் பட்டினி கிடந்ததற்குப் பலன் இல்லை. அதனால் எப்போதும் அணைக்காமலே வைத்திருக்கிற கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த பூத்துண்டை எடுத்து மடித்து வைத்தேன், மெயிலைத் திறந்து வைத்தேன், ஆன்டிவைரஸில் ஃபுல் ஸ்கேன் என்று இருந்ததை அழுத்தினேன், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திரையின் ஓரத்தில் சின்னப் பெட்டிக்குள் ஒரு பச்சைக் கோடு மெதுவாக ஊர்கிறது. கம்ப்யூட்டரின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிராமல் அப்படியே இருக்கின்றன, பார்க்கச் சிரிப்பாக வருகிறது, இத்தனை சாமி கும்பிட்டுமா உனக்குள் பூச்சி வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. காலையில் குளிப்பதற்கு முன்னால் பூதலிங்கத்தின் மெயிலைப் பார்த்தேன். பார்த்தேன், கண்ணால் பார்த்தேன், வெள்ளிக்கிழமை என்று ஒரு சொல் அதில் இருந்தது. குளிக்காமல் பதில் எழுத வேண்டாம், சாமி கும்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படிப்போம் என்று போனேன். வந்து பார்த்தால் அந்த மெயில் இல்லை. மேலே இருந்த கரண்ட் பில் இருக்கிறது, கீழே இருந்த சேலைக்கடை விளம்பரம் இருக்கிறது, நடுவில் இருந்தவர் மட்டும் இல்லை. இது முதல் தடவையும் இல்லை.

பூதலிங்கம் யார் என்று எனக்கு நானே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாகர்கோவில்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார், என்னைக் கட்டிக்கொள்ள விரும்புகிறார். சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. வயதானவர்களின் மறுமணத்துக்கென்றே ஒரு இணையதளம் இருக்கிறது, என் பெயரை நானேதான் அதில் பதிந்தேன். உலகம்மாள், பாளையங்கோட்டை, தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு, கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் மெல்போர்னில். புகைப்படம் என்று கேட்ட இடத்தில், பொட்டு வைத்துக்கொண்டு எடுத்த படத்தைத்தான் போட்டேன், வேண்டுமென்றேதான் போட்டேன். வந்த முதல் மெயிலிலேயே அந்த மனிதர் எழுதியிருந்தார்: 'எனக்குச் சர்க்கரை உண்டு, மூட்டுவலி உண்டு, பென்ஷனும் உண்டு. ரசம் நன்றாக வைப்பேன். குழம்பு அவ்வளவு வராது.' படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் எனக்கே புரையேறிவிட்டது. இந்த வீட்டில் கடைசியாக யார் அப்படிச் சிரித்தார்கள் என்று நினைவில்லை. சங்கரலிங்கம் நல்ல மனிதர், என் கணவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன், ஆனால் செத்துப்போனவரோடு ரசத்தைப் பற்றிப் பேச முடியாது. பதில் எழுதினேன், அவர் எழுதினார், நான் எழுதினேன். பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. அவர் அனுப்பிய படம் போயிற்று. நான் எழுதிப் பாதியில் வைத்திருந்த பதில் போயிற்று. 'என் போன மெயில் கிடைத்ததா?' என்று அவர் கேட்கிறார், எந்த மெயில் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேதான் பயம் பிடித்தது. என் நாத்தனாருக்குக் கடைசி காலத்தில் மறதி வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் எனக்கு யாரும் சோறு போடவில்லை என்று அழுவாள். நானே அழித்துவிட்டு நானே தேடுகிறேனோ? யாருக்கும் சொல்லாமல் நரம்பு டாக்டரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். வைரஸாக இருந்துவிட்டால் கும்பிட்டு வரவேற்பேன். வைரஸ் கம்ப்யூட்டரோடு போகும், மறதி என்னோடு அல்லவா வரும்.

கடைக்காரர் அருள்தாஸுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. இந்தக் கம்ப்யூட்டரை விற்றவர் அவர், எது சொன்னாலும் அவரிடம் ஒரே மருந்துதான். "யக்கா, மெயில் காணலயா? வைரஸேதான். ஃபார்மட் போட்டுருவோம்க்கா." எழுத்தெல்லாம் திடீர் திடீரென்று பெரிசாகிறது அருள்தாஸ், நான் எதையும் தொடவில்லை. "அதுவும் வைரஸ்தான்க்கா. ஃபார்மட் போட்டா சுத்தமாயிரும்." என்ன போகும் என்று கேட்டேன். "எல்லாம் போயிரும்லா," என்றார், சந்தோஷமாக. என்னுடையது என்று இருப்பதே கொஞ்சம், அதையும் துடைத்துவிட்டுச் சுத்தமாக இருக்கச் சொல்கிறார். மாட்டேன் என்றுவிட்டேன். வைரஸ் என்றால் என்ன என்று நானே படித்தேன், செல்போனில், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒரு வகை தானாக எங்கும் போகாது, ஏதாவது ஒரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு அதைத் திறக்கிறவர்கள் தயவில் பரவும். இன்னொரு வகைக்கு யார் தயவும் வேண்டாம், நெட் இருந்தால் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குத் தானே ஊர்ந்து போகும். மூன்றாவது வகைதான் மோசம், அது உடைத்துக்கொண்டு வராது, நல்ல பெயர் சொல்லிக்கொண்டு வரும், நாமே கதவைத் திறந்து உட்கார வைப்போம். படித்ததும் எனக்குப் பஞ்சாங்கத்தின் மேல் சந்தேகம் வந்தது. இலவசப் பஞ்சாங்கம் என்று ஒன்றை டவுன்லோடு செய்து வைத்திருக்கிறேன், சஷ்டி, அமாவாசை எல்லாம் அதுதான் சொல்கிறது. ஏற்றும்போது ஆன்டிவைரஸைச் சற்றே அணைத்து வையுங்கள் என்று கேட்டது, சாமி காரியம் கேட்கிறது என்று நானும் அணைத்தேன். எந்தச் சாமி அப்படிக் கேட்கும்? ராகு காலம் பார்க்கிறேன் பேர்வழி என்று பூதலிங்கத்தைத் தின்கிறதா அது? பச்சைக் கோடு பாதி தாண்டிவிட்டது. பஞ்சாங்கம் இருக்கிற இடத்துக்கு அது வரட்டும், பிடித்துக் கொடுக்கட்டும், மாதா மாதம் வாசலில் தொங்கவிட ஒரு காகிதக் காலண்டர் போதும் எனக்கு.

பசிக்கிறது. பசித்தால் எனக்குக் காது கூர்மையாகிவிடும், எக்ஸ்சேஞ்சிலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து, ஒரு பக்கத்து வயரை மறுபக்கத்தில் சொருகி, தூத்துக்குடியையும் பம்பாயையும் பேச வைத்திருக்கிறேன். மூன்று நிமிடம் முடிந்தால் நடுவில் நுழைந்து சொல்லவேண்டும், நீட்டிக்கவா என்று கேட்கவேண்டும். சொல்லிவிட்டுத்தான் நுழையவேண்டும், அதுதான் எங்கள் ஒழுங்கு. சொல்லாமல் யாராவது லைனில் காது வைத்தால் தெரிந்துவிடும், பேசுகிறவர்கள் குரல் கொஞ்சம் தள்ளிப் போனது போல இருக்கும், லைன் மெலிந்துவிடும். இப்போதும் அப்படி ஏதோ மெலிகிறது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, தெருவில் தண்ணீர் லாரி போய்விட்டது, மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. திரையில் அம்பு நகர்ந்தது. என் கை மடியில் இருக்கிறது. இரண்டு கையும் மடியில் இருக்கிறது. குனிந்து பார்த்தேன், மவுஸ் தன் பாட்டில் கிடக்கிறது, பக்கத்தில் பல்லிகூட இல்லை. அம்பு நகர்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆயிற்று, ஆனால் அந்தக் குளிரோடு கூடவே ஒரு குதூகலமும் வந்தது, சொன்னால் நம்பமாட்டார்கள், எழுந்து ஆடலாம் போல இருந்தது. நான் இல்லை! அழிப்பது நான் இல்லை! எனக்கு மறதி இல்லை! வாயைப் பொத்திக்கொண்டேன், ஏதோ அதற்குக் காது கேட்கும் என்பது போல. வேறு நாளாக இருந்தால் பாயில் கிடந்திருப்பேன். நான் குளிக்கப் போகிற நேரமும் தூங்குகிற நேரமும் பார்த்து வந்திருக்கிறது. இன்றைக்குச் சஷ்டி என்று அதற்குத் தெரியாது.

அம்பு நேராக மெயிலுக்குப் போயிற்று. புதிதாக ஒன்று வந்து தடித்த எழுத்தில் இருக்கிறது, அனுப்பியவர் பூதலிங்கம். அம்பு அதைத் திறந்தது. அதுவும் படிக்கிறது, நானும் படிக்கிறேன், ஒரே மெயிலை இரண்டு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு படிப்பது போல இருந்தது. 'மதிப்புக்குரிய உலகம்மாள் அவர்களுக்கு, காலையில் எழுதியதற்குப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டைக்கு ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு வருகிறேன். தங்களை நேரில் பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். விருப்பமில்லை என்றால் பதில் எழுத வேண்டாம். அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன். மறுபடி தொந்தரவு செய்யமாட்டேன்.' கடைசி வரிக்கு வந்ததும் அம்பு கொஞ்சம் நின்றது, பிறகு மெயிலை அழித்தது. அடப்பாவி. அழித்துவிட்டுக் குப்பைத்தொட்டிப் பக்கம் போயிற்று, அங்கேயும் இல்லாமல் துடைக்கத்தான். போகிற வழியில் என்ன நினைத்ததோ, திரும்பி மேல்மூலைக்கு வந்து, கூட்டல் குறியை அழுத்தியது. எழுத்துகள் ஒரு சுற்று பெரிசாயின. இன்னொரு தடவை அழுத்தியது. இன்னும் பெரிசாயின. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, மேசைக்கு அடியில் குனிந்து நெட் வயரைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அம்பு குப்பைத்தொட்டிக்கு ஒரு விரல் தள்ளி நின்றுகொண்டிருந்தது. காத்திருந்தேன். அசையவில்லை. வயர் வழியாக வருகிற ஆள் என்று தெரிந்தது, பஞ்சாங்கத்திடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். வயரைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தேன். திருடன் என்றால் பேங்க் பக்கம் போகவேண்டாமா? பேங்க் மெயில் இருக்கிறது, பென்ஷன் மெயில் இருக்கிறது, அவை எதையும் தொடவில்லை. பூதலிங்கத்தை மட்டும் எடுக்கிற திருடன். எடுத்துவிட்டு, போகிற போக்கில் எனக்காக எழுத்தைப் பெரிசாக்கிவிட்டுப் போகிற திருடன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குச் சின்ன எழுத்து ஓடவில்லை என்பது அருள்தாஸுக்குத் தெரியாது, பூதலிங்கத்துக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். அந்தப் பெயரை நினைக்க மாட்டேன் என்று மனம் அடம்பிடித்தது, ரேஷன் கார்டை நினைத்தேன், ராத்திரிக்கு இட்லிமாவு இருக்கிறதா என்று நினைத்தேன், மின்விசிறிக்குத் தூசி துடைக்கவேண்டும் என்று நினைத்தேன். சேந்தன். என் மகன் சேந்தன்.

ஸ்கேன் முடிந்ததற்கு அடையாளமாக மணிச்சத்தம் ஒன்று கேட்டது. 'ஆபத்து எதுவும் இல்லை. உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக உள்ளது.' பச்சை நிறத்தில் ஒரு சரி குறி வேறு. ஆமாம், வீட்டு ஆள் வந்து போனால் நாய் குரைக்குமா? கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருப்பதெல்லாம் வரிசையாக இருக்கிற பட்டியலைத் திறந்து, தேதிப்படி அடுக்கினேன். பஞ்சாங்கம், பிரிண்டருக்கு உள்ளது, தமிழில் டைப் அடிக்க உள்ளது. அதற்குக் கீழே, பெயர் பார்த்தால் ஒன்றும் புரியாத இன்னொன்று, வேறு இடத்தில் இருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டரை இயக்க உதவுவது. அவன் அப்பாவின் திவசத்துக்கு வந்திருந்தபோது சேந்தன் ஏற்றியது. "எம்மா, பிரிண்டர் மக்கர் பண்ணுச்சுன்னா நான் அங்கன இருந்தே சரி பண்ணிருவேன்," என்றான். ஒரு தடவை போனில் பேசிக்கொண்டே சரியும் பண்ணினான், அம்பு தானாகப் போவதைப் பார்த்துக் கைதட்டினேன், பைத்தியக்காரி. "வேலை முடிஞ்சிட்டும்மா, அத எடுத்துட்டேன்," என்றான். எடுக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றாக வந்து உறைக்கிறது. "இன்டர்நெட்டுல வயசானவங்கள ஏமாத்துததுக்குன்னே ஆளு இருக்காம்மா." சும்மா சொல்கிறான் என்று நினைத்தேன். "மழை காலமா இருக்கு, நாகர்கோவில் பக்கமெல்லாம் போயிராத." நான் ஏன் நாகர்கோவில் போகப்போகிறேன் என்று கேட்டுவிட்டு, அதையும் சும்மா என்றே நினைத்தேன். அங்கே இது சாயங்காலம், வேலை விட்டு வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா தூங்கியிருப்பாள் என்று கணக்குப் போட்டு, என் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அடிவயிற்றில் இருந்து வந்தது, பசித்த வயிற்றில் இருந்து. இந்தச் சஷ்டியே அவனுக்காகப் பிடித்ததுதான். கல்யாணமாகிப் பிள்ளை இல்லை என்று திருச்செந்தூரில் வேண்டிக்கொண்டு ஆரம்பித்த விரதம், பிறந்தவனுக்கு முருகன் பெயரையே வைத்து, அவன் படிப்புக்கு, வேலைக்கு, விசாவுக்கு என்று இன்றுவரைக்கும் விடாத விரதம். அவன் ஊர்க் காலண்டரில் அது இல்லை.

எடுத்துவிடலாம். எடுக்கவா என்று கேட்கிற பொத்தான் எதிரிலேயே இருக்கிறது, ஒரே அழுத்து. அழுத்தினால் என்ன ஆகும்? நாளைக்குப் போன் செய்து, நெட் சரியாக இருக்கிறதாம்மா என்று கேட்பான். இருக்கிறது என்பேன். அவன் செய்தது எனக்குத் தெரியாதது போல நானும், எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாதது போல அவனும், இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொண்டே நான் செத்துப்போகும் வரைக்கும் ஓட்டிவிடலாம். இந்த வீட்டில் அப்படி மூடி வைத்து ஓட்டியது போதும். போனில் கேட்டாலும் ஆகாது, அம்மா அம்மா என்று பேசியே கரைத்துவிடுவான், அவன் குரலுக்கு நான் எப்போதும் கரைவேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். ஒளிந்து பார்க்கிறாய் அல்லவா, பார். குனிந்து வயரைச் சொருகினேன். குப்பைத்தொட்டியில் இருந்து பூதலிங்கத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன், பதில் என்பதை அழுத்தினேன், 'மதிப்புக்குரிய பூதலிங்கம் அவர்களுக்கு, வெள்ளிக்கிழமை' என்று அடிப்பதற்குள் எழுத்துகள் பின்னால் இருந்து ஒவ்வொன்றாகக் கரைய ஆரம்பித்தன. வந்துவிட்டான். மறுபடி அடித்தேன், மறுபடி கரைந்தது. மவுஸைப் பிடித்தேன், நான் வலப்பக்கம் இழுக்க அது இடப்பக்கம் இழுத்தது, திரை நடுவில் அம்பு நடுங்கிக்கொண்டு நின்றது. கையை எடுத்துவிட்டுக் கீபோர்டுக்கு வந்தேன். சேந்தா, என்று அதே பதிலில் அடித்தேன். அம்பு நின்றது. மின்விசிறி சுற்றுகிறது. அப்புறம், நான் தொடாமலே, என் எழுத்துக்குக் கீழே எழுத்து முளைத்தது.

அம்மா, நான்தான். தெரியும்ல, என்று அடித்தேன். உன்ன யாரும் ஏமாத்திறக் கூடாதுன்னுதாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப என்னய ஏமாத்துனது யாரு? அவன் அடித்தான்: அந்த ஆளப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? அவருக்குச் சர்க்கரை இருக்கு, ரசம் வைப்பாரு, நான் வேண்டாம்னா விலகிப் போயிருவேன்னு எழுதிக் கேக்காரு. நீ கேட்டியா? அம்மா, அப்பா இருந்த வீடும்மா அது. அப்பா இருந்த வீடுதாம்ல, நான் இன்னும் இருக்கிற வீடு. சொந்தக்காரங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? மெல்போர்ன்ல உக்காந்துக்கிட்டு நீ யாரு மொகத்துலல முழிக்கப் போற? அடித்துவிட்டு எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது, அதைச் சொல்ல வரும்போதுதான் கண் நிறைந்தது, எழுத்து மங்கலாகத் தெரிந்தாலும் அடித்தேன்: மெயிலெல்லாம் காணாமப் போகவும் எனக்கு மறதி வந்துட்டுன்னு நெனச்சேன். ஒங்க அத்த மாதிரி ஆயிருவேன்னு ராத்திரியெல்லாம் பயந்து கெடந்தேன். டாக்டர்ட்ட பேரு குடுத்துருக்கேன். என் புத்திய நானே சந்தேகப்பட வச்சிட்டியேல. அவன் எழுத்து வந்தது: அது எனக்குத் தெரியாதும்மா. எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தியே, அத மட்டும் பாக்கலயா? பதிலுக்குப் பதிலாக, நாங்கள் பேசியது எல்லாம் மேலிருந்து கீழே நீலமாக மாறியது. மொத்தமாகப் பிடித்துவிட்டான், ஒரே தட்டில் அழித்துவிடப் போகிறான். பேச்சு முற்றிவிட்டால் அவன் அப்பாவும் இப்படித்தான், அந்தப் பேச்சே நடக்காதது போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

நான் முந்திக்கொண்டேன். கீபோர்டில் கீழ்நோக்கிய சாவியைத் தட்டினேன், நீலம் விலகியது, கடைசி வரிக்கு அடுத்த வரியில் நின்றேன். வீட்டுத் தமிழை விட்டு நல்ல தமிழுக்கு மாறினேன், அழியுமுன் அடிக்க வேண்டும், எழுதுவது இனி மகனுக்கு இல்லை. 'பூதலிங்கம் அவர்களே, மேலே இருப்பது எனக்கும் என் மகனுக்கும் இப்போது நடந்த சண்டை. முழுவதும் படியுங்கள். படித்த பிறகும் வர விருப்பம் இருந்தால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வாருங்கள். உலகம்மாள்.' அவன் புரிந்துகொண்டுவிட்டான். அம்பு பாய்ந்து அழிக்கிற பொத்தானுக்கு ஓடியது. ஓடட்டும், மவுஸ் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது என்று எல்லாவற்றையும் கீபோர்டிலேயே செய்யப் பழகியவள் நான். இரண்டு சாவியைச் சேர்த்து அழுத்தினேன். பதில் பெட்டி மூடிக்கொண்டது. அனுப்பப்பட்டது என்று கீழே ஒரு வரி வந்தது, பெரிய எழுத்தில், அவன் எனக்காகப் பெரிசாக்கி வைத்த எழுத்தில். அடுத்த நிமிடமே போன் அடித்தது. அது அடிக்கும் என்று தெரியும். அடிக்கட்டும் என்று கொஞ்சம் விட்டேன், மடியில் கிடந்த முந்தானையால் கண்ணைத் துடைத்தேன், மூக்கை உறிஞ்சினேன், அழுத குரலோடு அவனிடம் பேசப்போவதில்லை. எடுத்தேன். "எம்மா, என்னம்மா இப்பிடிப் பண்ணிட்ட," என்றான், என் பிள்ளையின் குரல்தான். உள்ளே ஏதோ இளகப் பார்த்தது. திரையைப் பார்த்தேன். அம்பு இன்னும் அங்கும் இங்கும் அலைந்துகொண்டிருந்தது, அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க வழி தேடுகிறது.

"சேந்தா," என்றேன், "மொதல்ல அதுலருந்து கைய எடு. எடுத்துட்டுப் பேசு."

அம்பு நின்றது.

"ம், இப்பச் சொல்லு."